என்ன வேலை செய்கிறீர்கள்?



தில்லை நகரில் இந்த அரங்கத்துக்கு நடந்து வந்தபோது, குறுக்குத் தெருக்களில் மருத்துவமனைப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். விடியுமுன் இத்தெருக்களைக் கூட்டுகிறவர்களும் அடைத்த சாக்கடையைத் திறக்கிறவர்களும் காய்ச்சல் வந்தால் போவது அரசு மருத்துவமனைக்கு. அப்படி ஒரு வார்டில், மாணவனாக நோயாளியிடம் பேசக் கற்றுக்கொண்டதைப் பற்றியே இந்த நினைவுச் சொற்பொழிவில் பேசப்போகிறேன்.

மருத்துவ மாணவன் வார்டில் முதலில் கற்பது கேட்பதற்கு. பெயர், வயது, ஊர், தொழில். பிறகு என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. நோயாளி சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது பாடம்.

முதல் நாள் ஒரு பாட்டியிடம் போனேன். நான் கேட்குமுன் அவரே கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊருல எந்தத் தெரு?" இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "கோயில் பக்கம்" என்றேன். எங்கள் தெருவுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு வாய்க்காலும் வயல்வெளியும் கிடக்கின்றன. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தும் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம், சுவரோரக் கட்டிலில் ஒருவர். ஐந்து நாள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, சிவந்து மஞ்சள் பூத்த கண்கள். "என்ன வேலைண்ணே?" "கூலி, தம்பி." அப்படியே எழுதினேன். மறுநாள் பேராசிரியர் கேட்டார்: "என்ன கூலி? வயலா, கட்டடமா, மூட்டையா?" விழித்தேன். "போய்க் கேட்டுட்டு வா."

மறுபடி போய் உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "எங்கப்பா குப்பை வண்டி தள்ளுறாருண்ணே" என்றேன். திரும்பிப் பார்த்தார். "பாதாளச் சாக்கடை, தம்பி. உள்ள இறங்குற வேலை. வெளிய சொல்லக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு." காலில் ஆறாத புண். "எழுதட்டுமாண்ணே?" கொஞ்சம் யோசித்து, "எழுது" என்றார்.

எலியின் சிறுநீர் கலந்த நீரில் இருக்கும் கிருமி, புண் வழியாக உடம்பில் ஏறுவதால் வருவது எலிக்காய்ச்சல். தொழில் தெரிந்ததும் அதற்கான பரிசோதனைக்கு எழுதினார்கள். மருந்தும் அன்றே தொடங்கியது. பிழைத்து வீடு போனார்.

நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று மருத்துவ உலகுக்கு வலியுறுத்தியவர் இத்தாலிய மருத்துவர் ராமசினி. தொழில்நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700இல் வந்தது. அவரை அந்த ஆய்வுக்குத் தூண்டியவர் யார் தெரியுமா? மொதேனா நகரில் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி. ஏன் இவ்வளவு அவசரமாக வேலை செய்கிறாய் என்று கேட்டார். அந்த வேலை கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதை அவரிடமிருந்து அறிந்தார். ஆக, தொழில் மருத்துவத்தின் முதல் ஆசான்களில் ஒருவர் மலக்குழித் தொழிலாளி. பாடநூலில் ராமசினி பெயர் உண்டு. தொழிலாளியின் பெயர் இல்லை.

தோழர்களே, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று மட்டும் இருந்தால், அந்த வேலை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். நோய்க்கும் சாவுக்கும் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஒரு மாணவன் சரியாக எழுதும் ஒரு வரி, நாளை ஒரு குடும்பத்துக்குச் சாட்சியமாகலாம்.

அவர் சொன்ன 'கூலி'யும் நான் சொன்ன 'கோயில் பக்கம்' என்பதும் ஒரே அச்சத்தில் பிறந்தவை. என்னுடையதை நான் விட்ட பிறகுதான் அவர் தன்னுடையதை விட்டார். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள் இருவரும் அல்ல.

அந்தப் பாட்டிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. திரும்பப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்: காலனித் தெரு, பாட்டி.

ஜெய்பீம்.