எபொக்சி காயாவிட்டால், கொப்புளித்தால்: வள்ளம் திருத்துவோருக்கான உரை



ஊர் திரும்பிய உங்களில் பலருக்கு முதல் வேலை வள்ளத்தைத் திருத்துவதுதான். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காகக் கிடந்த பைபர் வள்ளத்துக்கு எபொக்சி பூசியவர்களிடமிருந்து இரண்டு முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "காயவே இல்லை, கையில ஒட்டுது." மற்றது, "பூசின இடமெல்லாம் கொப்புளம்." நான் கலைப்பீடத்தில் படித்தவள், ரெசின் கலந்து வளர்ந்தவள் அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் காரணம் தெளிவானது.

காயாததை முதலில் பார்ப்போம். பைபர் வேலையில் நீங்கள் பழகியது பொலியெஸ்டர் ரெசின். அதற்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கார்ட்னர் போதும். கொஞ்சம் கூட்டினால் வேகமாக இறுகும். அந்தக் கைப்பழக்கம் எபொக்சிக்கு ஆகாது. எபொக்சியில் ரெசினும் கார்ட்னரும் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகின்றன. தகரத்தில் இரண்டுக்கு ஒன்று என்றிருந்தால் இரண்டுக்கு ஒன்றுதான். கூட்டி ஊற்றிய கார்ட்னர் சேர இடமில்லாமல் பசையாகவே நின்றுவிடும். அளவு நிறையிலா கனவளவிலா என்பதையும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. கண்மதிப்பு வேண்டாம். பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து மூன்று நிமிடமாவது கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி இன்னொரு தரம் கலக்குங்கள். அங்கங்கே மட்டும் ஒட்டுகிறதென்றால் பெரும்பாலும் கலவை சரியாகச் சேரவில்லை.

பல நாள் கழித்தும் பசையாக இருப்பதன் மேல் கார்ட்னரைத் தடவிப் பயனில்லை. சுரண்டி எடுத்து, தின்னரால் துடைத்து, புதிதாகத்தான் பூச வேண்டும். காசு போகும், உண்மைதான். ஆனால் அந்தப் பசைக்கு மேல் போட்ட ஒட்டு கடலுக்குள் கழன்றால் போவது காசு மட்டுமல்ல.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பூச்சு கெட்டியாக இருந்து, மேலே மட்டும் மெழுகு போல வழுக்கினால் அது காயாததல்ல. ஈரக்காற்றில் கார்ட்னர் விடுகிற படலம் அது. நல்ல தண்ணீரும் தேய்க்கும் பச்சைத் துண்டும் போதும். கழுவி உலர்ந்த பிறகே சாண்ட் பேப்பர் பிடியுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே அமுங்கி, அடுத்த பூச்சு உரிந்துவிடும். கடல்நீரால் கழுவ வேண்டாம், உப்பு தங்கும்.

இனிக் கொப்புளம். காலையில் வெயில் ஏற ஏற, பழைய பைபரின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து, ஈரப்பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆகவே நிழலில், வெயில் தணிகிற பின்னேரத்தில் பூசுங்கள். சூடு இறங்கும்போது அதே துளைகள் பூச்சை உள்ளே இழுக்கும். தடிப்பாக ஒருமுறை பூசுவதை விட மெல்லியதாக இரண்டு முறை நல்லது. கொப்புளம் வந்துவிட்டால் இறுகும்வரை விட்டு, துளை திறக்கத் தேய்த்து, தடித்த கலவையால் அடைத்து, திரும்பப் பூசுங்கள்.

மற்றக் காரணம் ஈரம். முல்லைத்தீவுப் பக்கம் வாடைக்காற்றில் வள்ளம் கரையேறும்போதுதான் திருத்த நேரம் கிடைக்கிறது. எபொக்சிக்கு ஆகாத காலமும் அதுவே. தெளிந்த பிளாஸ்டிக் துண்டொன்றை அடிப்பக்கத்தில் நாலு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கட்டினால் பொறுத்திருங்கள். கூரையின் கீழ் கவிழ்த்து வைத்து, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். சில வள்ளங்களுக்கு வாரக்கணக்கில் எடுக்கும்.

ஒரு வாளி நிறையக் கலந்து வைக்காதீர்கள். குவியலாக இருந்தால் தானாகச் சூடேறிப் புகையும். அகன்ற தட்டத்தில் பரப்பி ஊற்றினால் சூடு ஆறும். கையுறை கட்டாயம், தோலில் பட்டதைத் தின்னரால் கழுவாமல் சவர்க்காரம் போடுங்கள். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு எபொக்சிப் பக்கமே போக முடியாமல் போகலாம்.

தகரத்தில் உள்ளது விளங்காத மொழியில் இருந்தால், கலக்க முன் எங்கள் கள அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசித்துச் சொல்கிறோம்.