காற்றும் கரண்டும்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. கூடவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன.

இருட்டை மக்கள் எப்படியோ சமாளித்தார்கள். தண்ணீருக்குத்தான் தவித்துப் போனார்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்ப மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். பல ஊர்களில் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டியை நிரப்பினார்கள். உள்கிராமங்கள் சிலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்ட மின்வாரிய ஊழியர்களை டெல்டா மக்கள் மறக்கமாட்டார்கள். அண்டை மாநில ஊழியர்களும் வந்து கைகொடுத்தார்கள்.

வீட்டில் விளக்கு அணைய அவ்வளவு பெரிய புயல் வேண்டியதில்லை, ஆடிக்காற்றே போதும். தென்னை மட்டையோ முருங்கைக் கிளையோ கம்பியில் உரசினால், துணைமின் நிலையத்தில் அந்த லைன் தானாக 'டிரிப்' ஆகிவிடும். மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். மறுபடியும் 'டிரிப்' ஆனால், லைன்மேன் மழையோடு மழையாகக் கம்பியைப் பார்த்தபடியே நடந்து பழுதைத் தேட வேண்டும். கரண்ட் போய்ப் போய் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

சில நேரம் காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்துவிடும். அப்போது 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறலாம். விளக்கு திடீரெனக் கண்கூச எரிந்தால், உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜும் டிவியும் பிழைக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டைத் தெரு லைனிலிருந்து பிரித்துவிடும் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் வைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேராக இணைப்பது கொடிய ஆபத்து. அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, மறுபக்கம் 11,000 வோல்ட்டாக மாறக்கூடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பித்தான் அங்கே ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். நாலு விளக்குக்காக அவர் உயிர் போகலாமா?

அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே யாரும் போகக் கூடாது. ஊரே இருண்டிருந்தாலும் அதில் கரண்ட் இருக்கலாம். ஆடு மாடுகளையும் விலக்கிக் கட்டுங்கள். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இரவும் பகலும் இயங்குகிறது. அழைக்கும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சொன்னால், லைன்மேன் இருட்டில் தேடி அலையாமல் நேரே அங்கு வந்துவிடுவார்.