எங்க வண்டிக்கு எஞ்சின் மாத்தின கதை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. "உனக்கு நடந்ததைச் சொல்லுத்தா, அது போதும்"னு எங்க குழுத் தலைவி சொன்னதால் எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கு. வீட்டுக்காரர் சொந்தமா ஒரு டாடா ஏஸ் வச்சு ஓட்டுறார். நம்ம குட்டி யானைதான். பழைய வண்டியா வாங்கினது. அதுக்கும் குழுவில்தான் கடன் வாங்கி அடைச்சோம். விடியக்காலம் நாலைந்து ஊரில் பறிக்கிற மல்லிகைப்பூவை ஏத்திக்கிட்டுப் போய் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்கணும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைச்சுதுன்னு பெருமையாப் பேசுறோம். ஆனா வண்டி பிந்தினா மொட்டு வாய் திறந்துடும், விலை இறங்கிடும். பூக்காரங்களுக்கு நாமதான் பதில் சொல்லணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சித்திரை மாசம். கப்பலூரில் திரும்பி ரிங் ரோட்டில் போறப்ப சூடு காட்டுற முள் மேலே ஏறிடுச்சு. இவரும் பார்த்திருக்கார். "இன்னும் கொஞ்ச தூரந்தானே, பூவை இறக்கிட்டுப் பாத்துக்கலாம்"னு ஓட்டியிருக்கார். கொஞ்ச தூரத்தில் புகை கிளம்பி, வண்டி இறுகி நின்னுடுச்சு. பூவை வேற வண்டியில் மாத்தி அனுப்பிட்டு, இதைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க.

மறுநாள் நானும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் எஞ்சினோட ஹெட்டைக் கழட்டிக் காட்டினார். ஹெட் வளைஞ்சிருந்தது, பிஸ்டன் உரசி வரிவரியாக் கோடு விழுந்திருந்தது, பிளாக்கிலும் விரிசல். "இதுல பணம் போடாதீங்க, எஞ்சினையே மாத்தணும்"னு சொல்லிட்டார். அப்புறம் இவரைப் பாத்து, "ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துனீங்க?"ன்னு கேட்டார்.

இவர் பதில் சொல்லலை. நான்தான் சொன்னேன். "போர் தண்ணிண்ணே. தினமும் கேன்ல பிடிச்சு வண்டியில வைக்கிறது நான்தான்."

அவர் ரேடியேட்டர் வாயில் ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டி, வெள்ளையா ஒரு பொருக்கை என் உள்ளங்கையில் வச்சார். எனக்கு அதைப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சு. எங்க வீட்டு வெந்நீர்க் குண்டானுக்குள்ள படியுற அதே உப்பு. குண்டானை நான் புளி போட்டுத் தேய்ச்சிடுவேன். வண்டிக்குள்ள யார் தேய்க்கிறது? எஞ்சின் சூட்டில் தண்ணி காயக் காய, உப்பு மெல்லிசுக் குழாய்க்குள்ளேயே தங்கி அடைச்சிருக்கு. தண்ணி ஓட வழியில்லை, சூடு வெளியே போக வழியில்லை. கூலண்ட் வாங்கற காசு மிச்சம்னு நினைச்சோம். அந்த மிச்சம்தான் எஞ்சினைத் தின்னுடுச்சு.

அந்த அண்ணன் வயசானவர். வேலை செய்யறப்ப ஒரு பழைய கதை சொன்னார். ரெண்டாம் உலகப் போர் சமயம் பெட்ரோல் கிடைக்காம, கரியை எரிச்சு வர்ற வாயுவில் பஸ் ஓடுமாம். அந்தக் கரி வாயு எந்திரத்தை நம்ம மதுரை டி.வி.எஸ்.காரங்களே செஞ்சு கொடுத்தாங்களாம். "கரியில கூட எஞ்சின் ஓடும்மா. ஆனா தூசியை வடிகட்டாம உள்ள விட்டா ஓடாது. உள்ள போறது சுத்தமா இருக்கணும்"னார். அது எனக்கு மறக்கலை.

இனி கடன் கதை. எங்களுக்கு ரெண்டு வழி இருந்தது. பழைய இரும்பு விற்கிற ஒருத்தர் 30,000 ரூபாய்க்கு ஒரு எஞ்சின் தர்றேன்னார். பில் கிடையாது. இன்னொரு இடத்தில் போர் போட்டு, புது பிஸ்டன் மாத்தின ரீகண்டிஷன் எஞ்சின், பில்லோட 46,000. இவருக்கு முதலாவதுமேல ஆசை. வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளும் வருமானம் போகுதே. பத்து வட்டிக்குத் தர ஒரு ஆளும் வாசல் வரைக்கும் வந்துட்டார். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே நம்ம மாநிலத்தில் சட்டம் வந்தாச்சு. ஆனா அவசரத்தில் நிக்கிறவளுக்குச் சட்டமா ஞாபகம் வரும்? நான் கடைசியா குழுவுக்கு ஓடி வந்தேன்.

குழுவில் அந்த மாசக் கடன் முறை இன்னொரு அக்காவோடது. மகளோட நர்சிங் காலேஜ் ஃபீசுக்காக அவங்க ஆறு மாசமாக் காத்திருந்தாங்க. நான் அழுதுகிட்டே சொல்லி முடிச்சதும் அவங்கதான் முதல்ல பேசினாங்க. "ஒரு மாசம் என் முறையை விட்டுத் தர்றேன். காலேஜ்ல தவணை கேட்டுக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த 30,000 ரூபாய் எஞ்சின் யாரோடது?"

எனக்குத் தெரியலை. இவருக்கு போன் போட்டேன். "அதெல்லாம் எதுக்குக் கேக்கிற?"ன்னார். நம்பர் எங்கன்னு கேட்டதுக்கு, "தேய்ஞ்சிருக்கு"ன்னார். அக்கா சொன்னாங்க: "தேய்ஞ்சிருக்கா, தேய்ச்சிருக்கா? திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா நாளைக்கு ஸ்டேஷன்ல நிக்கிறது உன் புருஷன். கடன் கட்டுறது நீ." பில் இருந்தாத்தான் கடன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதிட்டாங்க. அன்னைக்கு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட இல்லை. இன்னைக்கு இத்தனை பேருக்கு முன்னாடி அந்த அக்காவுக்குக் கும்பிடு போட்டுச் சொல்றேன், அவங்க கேட்டதுதான் எங்களைக் காப்பாத்துச்சு.

பில்லோட எஞ்சின் வாங்கினோம். மாத்துற அன்னைக்கு நான் பக்கத்திலேயே நின்னேன். பேட்டரி வயரைக் கழட்டி, ஆயிலை வடிச்சு, ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் அடையாளம் கட்டி, செயின் போட்டுப் பழசை இறக்கினாங்க. புதுசை ஏத்துறதுக்கு முன்னாடி அண்ணன் சொன்னார், "எஞ்சினை மட்டும் மாத்தி, கெடுத்ததை மாத்தாம விட்டா இதுவும் போயிடும்." அதனால் ரேடியேட்டரை மாத்தி, ரப்பர் குழாய், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசு போட்டோம். கிளட்ச் பிளேட்டும் தேய்ஞ்சிருந்தது, அதையும் மாத்தினோம். எல்லாம் சேர்த்து 61,000 ஆச்சு. டீசல் பைப்பில் இருந்த காத்தை எடுத்து ஸ்டார்ட் பண்ணப்ப, எம்புள்ள முதல்ல அழுத சத்தம் மாதிரி இருந்துச்சு எனக்கு.

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆர்.சி. புக்கில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இருக்கும். எஞ்சின் மாறினா புக்கிலும் மாறணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு அதைத்தான் சொல்லுது, 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும். ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிற வண்டியா இருந்தா, எஞ்சினைத் தொடுறதுக்கு முன்னாடியே ஃபைனான்ஸ்காரங்ககிட்ட எழுத்தில் சம்மதம் வாங்கிடணும். புக்கில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர்னு இருந்தா, விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேக்கிறப்ப சிக்கலாயிடும். நாங்க பில், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போய், வண்டியைக் காட்டி, புக்கில் ஏத்திட்டு வந்தோம்.

முதல் 1,000 கிலோமீட்டர் பாதி பாரந்தான் ஏத்தினோம், வேகமும் கம்மி. அப்புறம் ஆயிலை மாத்தினோம். அந்த மாசம் வருமானம் குறைஞ்சது. ஆனாலும் என் முதல் தவணையைத் தேதி தவறாமக் கட்டினேன். அந்த அக்காவுக்கு அடுத்த மாசம் கடன் கிடைச்சு, ஃபீஸ் கட்டினாங்க. நான் பிந்தியிருந்தா அந்தப் பிள்ளை படிப்பும் என் எஞ்சினோட நின்னிருக்கும். குழுக் கடன்னா இதுதான்.

அக்கா தங்கச்சிமாரே, நம்ம பேரில் கடன் வாங்கி வீட்டு ஆம்பளைங்க ஆட்டோ, லோடு வண்டி, டிராக்டர்னு ஓட்டுறாங்க. கையெழுத்து நம்மளோடது. அப்ப வண்டியும் நமக்குத் தெரியணும். பில்லைக் கேளுங்க. எஞ்சின் நம்பரைப் புக்கோட ஒத்துப் பாருங்க. உப்புத் தண்ணியை ஊத்தாதீங்க, கூலண்ட் ஊத்துங்க. முள் ஏறினா ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லுங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறக்க விடாதீங்க, வெந்நீர் முகத்தில் அடிச்சிடும்.

இப்பவும் விடியக்காலம் வண்டிக்குக் கேன் வைக்கிறது நான்தான். அதில் இருக்கிறது கூலண்ட். எஞ்சின் நம்பரை என் பாஸ்புக் பின் அட்டையில் எழுதி வச்சிருக்கேன். யாருக்காவது சந்தேகம்னா வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்.