விழுந்தவரை எழுப்பும் கைகள்
(மருதமுனையில் நிகழ்த்திய உரை)



தறியோசை கேட்கும் மருதமுனையில் நின்று மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதா என்று பெரியோர் வியக்கக்கூடும். ஆயினும் மாலையானதும் மட்டக்களப்பு - கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் வேகத்தை நாம் எல்லாரும் அறிவோம். ஆதலால் இது எமக்கு அந்நியமான பொருளன்று.

பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் என்னும் வீரர், 2015-ஆம் ஆண்டில், டக்கார் நெடுந்தூர ஓட்டத்தை முடித்த முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அதே ஓட்டம் 2021-இல் சவூதி அரேபியப் பாலைவனத்தில் நடைபெற்றபோது, ஜனவரி 6-ஆம் நாள், நான்காம் கட்டத்தில் அவர் வீழ்ந்தார். தலையிலே பலத்த அடி, தோள்மூட்டும் விலகிற்று. ஹெலிகொப்டர் அவரை றியாத் நகர வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது. வைத்தியர்கள் மருந்தினால் அவரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தார்கள். அடிபட்ட மூளை வீங்கும். மண்டையோடோ விரிந்து கொடாது. மூளைக்கு ஓய்வு கொடுப்பதே அச்சிகிச்சையின் நோக்கம். பின்னர் அவர் கண் விழித்தார், தாயகம் திரும்பினார்.

அதற்கு முந்திய ஆண்டு, அதே அணியைச் சேர்ந்த போர்த்துக்கேய வீரர் பவுலோ கொன்சால்வ்ஸ் அதே ஓட்டத்தில் உயிர் துறந்தார். இருவரும் தைரியசாலிகளே. ஒருவர் மீண்டார், மற்றவர் மீளவில்லை. ஆகவே மீட்சிக்குத் தைரியம் ஒன்றே காரணம் என்பது பொருந்தாது.

இங்கிலாந்தில் பில்லி மொங்கர் என்னும் 17 வயது இளைஞர், 2017 ஏப்ரல் 16-இல், டொனிங்டன் பந்தயத் திடலில் முன்னே நின்ற காரின்மீது மோதி இரு கால்களையும் இழந்தார். அறிந்தவரும் அறியாதவரும் அனுப்பிய பணம் பெருந்தொகையாகத் திரண்டது. அவர் இயக்கத்தக்கதாகக் கார் மாற்றியமைக்கப்பட்டது. ஊனமுற்றோரைத் தடுத்த பந்தய விதியும் தளர்த்தப்பட்டது. 2018-இல் அவர் மீண்டும் ஓடினார். 2019-இல் பிரான்சின் போ நகரிலே வெற்றியும் பெற்றார். அந்த வெற்றியில் எத்தனை பேருடைய கைகள் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்!

எம் நாட்டிலோ, 2024 ஏப்ரல் 21-இல், தியத்தலாவைப் பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. 7 உயிர்கள் போயின. அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அவள் எந்தப் பந்தயத்திலும் சேர்ந்தவள் அல்லள். வேகத்தின் விலையை வேகம் கொண்டவனே கொடுப்பான் என்ற நியதி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வாலிப நண்பர்களே! பந்தய வீரனுக்கு நல்ல தலைக்கவசம் உண்டு, வைத்தியர் உண்டு, ஹெலிகொப்டர் உண்டு. எம் வீதியிலே இருப்பவை எவை? பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் செல்லும் முதியோர், சைக்கிளில் வரும் பிள்ளைகள், குறுக்கே நடக்கும் மாடுகள். இங்கே ஓடுவது வீரமன்று; பிறர் உயிரைப் பணயம் வைப்பதேயாம்.

அப்படியிருந்தும் ஒருவர் வீழ்ந்துவிட்டால், நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். அது வரும்வரை பிற வாகனங்களை விலக்குங்கள். கழுத்தை அசையவிடாமல் தாங்குங்கள். மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற முனையாதீர்கள். அவசரத்தில் அவரை மடித்து முச்சக்கர வண்டியிலே திணிக்காதீர்கள். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்த அன்பே அவரை முடமாக்கிவிடும். ஒருமுறை அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் அணியவும் வேண்டாம். உள்ளே நசுங்கிய பஞ்சு இன்னோர் அடியைத் தாங்காது.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். காயப்பட்ட இளைஞன் வீடு திரும்பியதும், "சொன்னோமே, கேட்டாயா?" என்ற சொல்லோடு அவனை வரவேற்காதீர்கள். மூளையில் அடிபட்டவனுக்கு மறதியும் கோபமும் சோர்வும் மாதக்கணக்கில் இருக்கலாம். அது அவன் குணமன்று, காயமே.

நெசவாளர் அறுந்த இழைக்காகப் பாவையே அறுத்தெறிவதில்லை. பொறுமையோடு முடிந்து, தறியை மீண்டும் ஓட்டுகிறார். வீழ்ந்த மனிதனையும் நாம் அவ்வாறே முடிந்து சேர்ப்போமாக. அதைவிட, இழை அறாதபடி வேகத்தை அடக்கிக்கொள்வது எம் முதற்கடமையாகட்டும்.