"ஊருல எந்தப் பக்கம்?"
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'படித்தவனெல்லாம் வெளிநாடு போகிறான், நாட்டின் மூளை வெளியேறுகிறது' என்று மேடைக்கு மேடை அழுகிறார்கள். யாருடைய மூளை? சென்னை ஐஐடி வந்தது 1959இல். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஐஐடிகளில் இடஒதுக்கீடு வந்தது 1973இல். இடையில், 1965இல், அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தித் தொழில்திறன் உள்ளவர்களுக்குக் கதவைத் திறந்தது. மக்கள் பணத்தில் படித்து முதலில் விமானம் ஏறியவர்கள் பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில துணியோட சாதியையும் மடிச்சு வச்சுக்கிட்டுத்தான் போனாங்க.

நானும் ஆராய்ச்சிப் படிப்புக்கு அமெரிக்கா போனேன். எங்க சேரியில பத்தாவது தாண்டின முதல் ஆள் நான். போன வாரத்திலேயே நம்மூர்க்காரர் ஒருவர் வீட்டில் விருந்து. "ஊருல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? நீங்க சைவமா?" மூணே கேள்வி. "கோயில் பக்கம்" என்று பொய் சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அம்மா போன்ல கேட்டுச்சு: "அங்கயாச்சும் டம்ளர் ஒண்ணுதானேப்பா?"

"ஒண்ணுதாம்மா" என்றேன். நான் யாருன்னு சொல்லாத வரைக்கும் ஒண்ணுதான்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். இரண்டையும் எதிர்த்தவர்களில் நம் நாட்டிலிருந்து போன படித்தவர்களும் உண்டு. அங்கே சாதியே இல்லையென்றால் தடை ஏன் கசக்கிறது?

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா போனார். 1917இல் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க ஓர் அறை கொடுக்க ஊருக்கு மனசில்லை. 1920இல் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். அங்கேயே இருந்திருக்கலாம். 1923இல் திரும்பினார், 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார்.

போகாதீங்கன்னு சொல்ல நான் வரல. போங்க. ஊர்க் கோபுரத்துக்குப் பணம் அனுப்புவது அவர்களுடைய ஊர்ப்பற்று. நம்முடையது வேறு. விண்ணப்பம் எப்படி எழுதுவது, உதவித்தொகைக்கு எப்போது மனுப் போடுவது என்று சேரியின் அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஏணியில ஏறினவன் அதை மேலே இழுத்துக்கக் கூடாது.

அந்தக் கேள்வியை இன்னும் கேக்கறாங்க. இப்ப நான் "சேரிப் பக்கம்" என்கிறேன். பாதிப் பேர் அப்புறம் வீட்டுக்குக் கூப்பிடுறதில்ல. மீதிப் பேரோடுதான் நமக்கு வேலை.

ஜெய்பீம்.