கருவியும் கண்ணும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாண்டுகளாகக் கவிதையே பேசிவந்த இந்த அவையில், இயற்கையையும் காட்டுயிர்களையும் படமெடுக்கும் திறனை வளர்த்துக்கொள்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தமிழ் கற்பிப்பவளுக்கு இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஏழாண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் எங்கே போகிறேன் என்பதை அறிந்த நண்பர்கள் செய்த சூழ்ச்சி இது. நான் தொழில்முறைக் கலைஞர் அல்லள். தவறுகள் செய்து, அவற்றுள் சிலவற்றைத் திருத்திக்கொண்டவள். அந்த அளவிலேயே என் பேச்சைக் கொள்ளுங்கள்.

முதலில் பெயர். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. புகைப்படத்தில் புகை எங்கே இருக்கிறது என்று மாணவியர் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஒளியால் எழுதுதல் என்பதே இக்கலையின் கிரேக்கப் பெயருக்கும் பொருளாதலின், ஒளிப்படம் என்பதே என் தேர்வு. ஒளி இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஊமைதான்.

என்னிடம் ஒளிப்படம் பற்றிக் கேட்போர் எல்லாரும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பது. எந்தப் பேனா வாங்கினால் கவிதை வரும் என்று இந்த அவையில் எவரும் கேட்டதில்லை. இக்கேள்விக்கு நான் மா. கிருஷ்ணனைத்தான் விடையாகச் சொல்வேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். காடுகளில் நடந்து, யானைகளையும் காட்டெருதுகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950 முதல் இறக்கும்வரை, அதாவது 46 ஆண்டுகள், இயற்கை பற்றிய பத்தி எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய கருவி பல உறுப்புகளை ஒட்டவைத்துத் தாமே உருவாக்கிக்கொண்டது. அதன் பருமனைக் கேலிசெய்து 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அந்தக் கருவியைக் கொண்டு அவர் எடுத்த படங்களை நம்மிடையே பெரிய லென்ஸ் வைத்திருப்போர் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அவர் தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலைக் கவிஞர்கள் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். பார்த்ததைப் பார்த்தவாறு சொல்லும் உரைநடை நமக்கு இன்னும் அரிதாகவே இருக்கிறது.

காடு நமக்கு எட்டத்தில் இருக்கிறது. குளம் அருகில் இருக்கிறது. ஊத்துக்குளிப் பக்கம் கூலிபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளத்தைச் சொல்கிறேன். சர்க்கார் பெரியபாளையம் குளம் என்றாலும் அதுவே. ஏறத்தாழ 126 எக்டேர் பரப்பு. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்போது தரப்பட்ட விவரத்தில் 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் குறிக்கப்பட்டுள்ளன. நொய்யலில் ஓடும் நீரின் நிறத்தைப் பார்த்து அன்று என்ன சாயம் போட்டார்கள் என்று சொன்ன ஊர் நம்முடையது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட நாள்கள் இங்குள்ள பலருக்கு மறந்திராது. அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதும் மறந்திராது. அப்படிப்பட்ட ஊரின் விளிம்பில், இமயத்தைக் கடந்துவரும் பட்டைத்தலை வாத்து வந்து இறங்குகிறது என்றால், அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பார்ப்பதற்கு எங்கே நிற்பது? கருவியின் பொத்தான்களைவிட முதன்மையானது இது. வலசைப் பறவைகள் மிகுந்திருப்பவை ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்கள். அப்போது வீசுவது வாடைக்காற்று. பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவது. பறவை காற்றை எதிர்த்தே எழும். காற்றை எதிர்த்தே இறங்கும். காலையில் நீங்கள் குளத்தின் கிழக்குப் பக்கத்தில் நின்றால் கதிரவனும் உங்கள் முதுகுப் பக்கம். காற்றும் உங்கள் முதுகுப் பக்கம். இறங்கும் வாத்து உங்களை நோக்கி முகம் காட்டி, வெளிச்சம் முழுவதையும் மார்பில் ஏந்தி இறங்கும். மேற்குப் பக்கம் நிற்பவருக்குக் கிடைப்பது பறவையின் வாலும் கரிய உருவமுமே. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிர்த்திசையில் வீசும்போது கணக்கு மாறிவிடும். அப்போது மாலையும் மேற்குக் கரையுமே நல்லவை. இதை எனக்கு எந்த நூலும் சொல்லவில்லை. இரண்டு பருவங்கள் வால்களாகவே எடுத்துச் சலித்தபின் தெரிந்துகொண்டேன்.

கருவி பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கேமராவின் ஒளிமானி உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிறது. கரிய நீரின் நடுவே வெண்கொக்கு நின்றால், இருள் மிகுந்திருப்பதாக எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அளவுக்கு மீறி வெளுத்த துணியில் இழை தெரியாமற் போவதை நம் ஊரார்க்கு விளக்கவேண்டியதில்லை. ஆகவே ஒளியை ஒரு படி குறைத்து வைக்கவேண்டும். வெண்மேகத்தின் முன் நீர்க்காகம் என்றால் ஒரு படி கூட்டவேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு. நின்று மேயும் கொக்குக்கு 500இல் ஒரு பங்கு போதும். கையில் பிடித்து எடுப்பதானால், 400 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 400இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவேண்டா. கண்ணில் குவியம் விழாத படத்தில் மற்றவை எல்லாம் துலங்கினாலும் அது நில்லாது. பறவையின் கண்மட்டத்துக்கு நாமும் தாழவேண்டும். அதாவது சேற்றில் படுக்கவேண்டும். சேலையோடு அதற்கு முயன்று நான் பட்ட பாட்டை ஆடுமேய்க்கும் அம்மையார் ஒருவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட மண்நிற டி-சர்ட் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பறவைகளும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இவ்வளவும் ஒரு திங்களில் கற்றுவிடக்கூடியவை. கற்றபின்னும் என் படங்கள் நன்றாக இல்லை. ஏன் என்பதற்கு விடை எனக்கு வகுப்பறையில் கிடைத்தது.

ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடியவர் அம்மூவனார். அதில் சிறுவெண்காக்கைப் பத்து என்று ஒன்று; வெள்ளாங்குருகுப் பத்து என்று ஒன்று. பின்னதில் பத்துப் பாட்டும் ஒரே குருகுக் காட்சியில் தொடங்குகின்றன. ஆண்டுதோறும் இதை நடத்தும்போது, கூறியது கூறல் ஆகாதா என்று மாணவியர் கேட்பார்கள். நானும் உரையாசிரியர் வழியில் ஏதோ சொல்லித் தப்பிப்பேன். ஒரு நாள் நடத்திக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. நான் ஒரே காலையில் பத்துப் பறவைகளைத் தேடி அலைகிறேன். அவரோ ஒரே பறவையிடம் பத்து முறை திரும்பி வந்திருக்கிறார்.

அடுத்த பத்து ஞாயிறுகள் சிறுவெண்கொக்கு ஒன்றை மட்டுமே பார்ப்பது என்று முடிவுசெய்தேன். முதல் மூன்று வாரங்களில் எடுத்தவை நாள்காட்டிப் படங்கள். நான்காம் வாரந்தான் அதன் கால்களைப் பார்த்தேன். கறுத்த கால்களின் முடிவில் மஞ்சள் பாதங்கள். ஆழமில்லாத நீரில் ஒரு பாதத்தை மட்டும் முன்னே நீட்டி நடுங்கவைக்கிறது, சேற்றில் ஒளிந்திருக்கும் மீன்குஞ்சு கலங்கி வெளிப்படுகிறது, அலகு பாய்கிறது. பாதம் நடுங்கத் தொடங்கியதும் எண்ணத் தொடங்கினேன். பாய்ச்சல் எப்போது என்பது ஏறத்தாழக் கைக்குப் பிடிபட்டது. ஒன்பதாம் வாரம் எடுத்த படம் ஒன்றை இன்றைக்கும் பிறரிடம் காட்டத் துணிவேன். என் விரல் விரைந்துவிட்டதாக எண்ணவேண்டா. அடுத்து நடக்கப்போவது முன்னரே தெரிந்திருந்தது, அவ்வளவே.

சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டதை நாம் எல்லாரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நாரையையும் கிழங்கையும் இரண்டையுமே கையெட்டும் தொலைவில் பார்த்தவனுக்கல்லாது அவ்வுவமை வராது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைக் கபிலர் அடுக்கினார். நம் கவிதைகளில் இன்று 'ஏதோ ஒரு பறவை' பறக்கிறது, 'பெயர் தெரியாப் பூ' பூக்கிறது. கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும். இதை நான் ஒளிப்படக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பறவைகளின் பெயர்களையும் அவை வரும் காலத்தையும் ஆண்டுக்கணக்காகக் குறித்துவரும் ஆர்வலர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு காலை நடந்தால், லென்ஸ் மாற்றுவதைவிட மிகுதியான பயன் உண்டு.

முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் பகுத்ததை இங்கே நினைக்கிறேன். நம் படங்களில் பெரும்பாலானவை கருப்பொருளோடு நின்றுவிடுகின்றன. சட்டம் நிறையப் பறவை. பின்னால் பச்சைப் புகை. அது எந்த நிலம், எந்தப் பொழுது, அங்கே அது என்ன செய்தது, ஒன்றும் தெரியாது. இன்றைய போட்டிகள் இவற்றையே விரும்புகின்றன. எனக்கு உடன்பாடில்லை. நஞ்சராயன் குளத்து நாரைக்குப் பின்னால் ஆகாயத்தாமரையும் தொலைவில் ஆலைக் கட்டடமும் தெரியட்டுமே. அவற்றை மறைத்துவிட்டால் அந்தப் பறவை எந்த ஊருக்கு வந்தது என்பதையே மறைத்தவர்களாவோம்.

போட்டி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இறங்குவது நேர்மையாகாது. நான்காண்டுகளுக்கு முன் என் படம் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. இங்கே சிலர் பாராட்டிக் கவிதையும் வாசித்தீர்கள். ஆள்காட்டிப் பறவை சிறகை அகல விரித்து, அலகைத் திறந்து, நேரே நம்மைப் பார்த்து நிற்கும் படம். 'தாய்மை' என்று தலைப்பிட்டிருந்தேன்.

என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் 18 ஆண்டுகள் நின்றவர். துணியை விரித்து ஒரு வீச்சுப் பார்த்தால், ஊசி தப்பிய கோடு எங்கே என்று விரல் தானே போய் நிற்கும். சட்டமிட்டு வந்த படத்தை அவரிடம் கொடுத்தேன். அதே பார்வைதான்.

“ஏங்கண்ணு, இது கத்திக்கிட்டு நிக்குதே, பக்கத்துல குஞ்சு கிஞ்சு கெடக்குதா?” என்றார்.

“முட்டைங்கம்மா” என்றேன்.

“அப்பறம் ஏன் நின்னே? வந்துறோணுமில்ல?”

எனக்கு விடை இல்லை. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கிடையே, கூழாங்கல் போலவே நான்கு முட்டையிடும். கோடை வெயிலில் மார்பு இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நான் படமெடுத்தது சித்திரை மாதம், காலை பத்து மணிக்குமேல். சிறகு நன்றாக விரியவேண்டும் என்று இரண்டடி, இரண்டடியாக நெருங்கிக்கொண்டே போய், அரைமணி நேரத்துக்குமேல் அங்கே நின்றேன். அத்தனை நேரமும் அது முட்டையின்மேல் உட்காரவில்லை. படத்தில் நீங்கள் பார்த்தது என் நெருக்கத்தை. அது எனக்கும் தெரியவில்லை. பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. செக்கிங் மேசைக்காரிக்குத் தெரிந்துவிட்டது.

மறுவாரம் போனேன். முட்டைகள் இல்லை. ஓடும் ஒன்றும் கிடக்கவில்லை. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்து அகன்றுவிடும். ஆதலால் வெறும் குழி நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கீரி வந்துபோனதாகவும் இருக்கலாம். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். பரிசுச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது.

அதன்பின் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்றுதான். பறவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் நான் நின்றுவிடுவேன். குரல் கொடுத்தால் பின்வாங்குவேன். பங்குனி, சித்திரையில் தரையில் முட்டையிடும் பறவைகளின் பக்கம் கருவியோடு போவதில்லை. இதனால் எனக்குப் படங்கள் குறைந்தன. பரிசும் பிறகு வரவில்லை. ஆனால் கொக்கு இப்போது சிலபோது மேய்ந்தபடியே என் பக்கமாக நடந்துவருகிறது. லென்ஸின் குவிய எல்லையையும் தாண்டி வந்துவிடுவதால் எடுக்க முடியாமல் போய்விடுகிறது.

உடன்வர விரும்பும் கவிஞர்கள் வரும் ஞாயிறு காலை 6 மணிக்குள் குளத்தின் கிழக்குப் பக்கம் வந்துவிடுங்கள். சரணாலயமாதலால் வனத்துறையினரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை வேண்டா. கேமரா இல்லாதவர்கள் அப்படியே வரலாம். என் தாயாரும் வருகிறார்.