நத்தையா குற்றவாளி?



எத்தனையோ பிரச்னைகள் இருக்க, நத்தையைப் பற்றி ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். குளத்திலும் வாய்க்காலிலும் ஊரும் சில வகை நத்தைகள் பில்ஹார்சியா என்ற நோய்ப் புழுவை வளர்த்து விடுகின்றன. 2021-ல் உலகில் 25 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்நோய்க்கான மருந்து தேவைப்பட்டது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆப்பிரிக்க மக்கள்.

நோயாளியின் சிறுநீரிலோ மலத்திலோ புழுவின் முட்டை நீரில் கலக்கிறது. பொரித்த குஞ்சு நத்தைக்குள் நுழைந்து, சில வாரங்களில் ஆயிரக்கணக்காகப் பெருகி வெளியே வருகிறது. தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து இரத்தக் குழாயில் குடியேறுகிறது. சிறுநீரில் இரத்தம் போகும், ஈரல் கெடும், நாளடைவில் மூத்திரப்பையில் புற்றுநோயும் வரலாம்.

எகிப்தைப் பாருங்கள். முன்பு நைல் வெள்ளம் ஆண்டுக்கு ஒரு முறை வயலில் பாய்ந்து வடியும். பிறகு நிலம் மாதக்கணக்கில் காயும், நத்தைகளும் மடியும். பருத்திக்காக ஆண்டு முழுவதும் நீர் ஓடும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. 1902-ல் அஸ்வான் அணை எழுந்தது. மில் தோழர்களே, பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குப் போயிற்று; புழு எகிப்திய உழவனின் உடம்பில் தங்கிற்று.

வாய்க்கால் கூடாது என்றா சொல்கிறோம்? இல்லை. வாய்க்கால் வந்த வேகத்தில் கக்கூசும் சுத்தமான தண்ணீரும் வரவில்லை என்கிறோம்.

பிறகு வைத்தியம் வந்தது. 1950-களிலிருந்து 1980-கள் வரை அங்கே ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியையே பலருக்கும் போட்டதால், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்ற வேறொரு நோய் பரவிற்று. பின்னர் பிரசிகுவான்டல் மாத்திரை வந்தது. பில்ஹார்சியா வெகுவாகக் குறைந்தது. ஆனால் மாத்திரை உடம்பிலுள்ள புழுவைத்தான் கொல்லும். மறுநாள் அதே நீரில் இறங்கினால் நோய் மறுபடியும் தொற்றும். ஆகவே மாத்திரையோடு கழிப்பிடமும் குழாய்த் தண்ணீரும் நத்தை ஒழிப்பும் சேர்ந்து வர வேண்டும்.

நம் நாட்டில் இந்நோய் மனிதருக்கு வருவது மிக அபூர்வம். ஆகவே நாற்று நடப் போகும் தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் பாடம் நமக்கும் உண்டு. எங்கே அணை எழுந்தாலும், எங்கே கால்வாய் வெட்டினாலும், எத்தனை ஏக்கர் பாசனம் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் இறங்கி உழைப்பவரின் உடல்நலத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று நாம் கேட்போம்!